எதிர்ல வரக்கூடாதவங்க

போயிட்டாரா இல்லையா. எதிர்வீட்டுத் தாப்பாள் இழுத்த சத்தம் கேட்டுச்சு, கதவு கிறீச்சுன்னுச்சு, அதோட சரி. செருப்புச் சத்தம் இல்ல, கேட்டு சாத்துற சத்தம் இல்ல. மனுசன் வாசல்ல நின்னுக்கிட்டு அப்பிடி என்னதான் பண்றாரு? நான் இங்கிட்டு எங்க வீட்டு கேட்டுத் தூணுக்குப் பின்னால ஒடுங்கி நிக்கிறேன், அறுபத்தொம்பது வயசுப் பொம்பள, கண்ணாமூச்சி வெளையாடுற புள்ள மாதிரி. நல்லாத்தான் இருக்கு மங்கையர்க்கரசி உன் பொழப்பு. பேருல மட்டும் அரசி. மேரியக்கா இருந்தா இந்நேரம் தெருமுனையிலேருந்தே "ஏத்தா மங்கை, கெளம்பிட்டியா, இல்ல இன்னும் கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறியா"ன்னு சத்தம் போட்டிருக்கும், அந்தச் சத்தத்துக்கே நான் வெளிய வந்திருப்பேன், எதிர்வீடும் தெரியாது பக்கத்துவீடும் தெரியாது. அக்கா நேத்து சாயங்காலம் தூத்துக்குடி பஸ் ஏறிருச்சு, மக வீட்டுக்கு. கண்ணுல புரை. ஆப்பரேசன் முடிஞ்சு சொட்டு மருந்து விட்டு முடிக்கிறவரைக்கும் அங்கிட்டுத்தான். போறப்ப என் தாடையப் புடிச்சு, "நான் இல்லேன்னு வீட்டுக்குள்ள மொடங்கிராத, காலையில எந்திரிச்சு கண்மாய்க்கரைக்குப் போற, சரியா"ன்னுச்சு. சரிக்கான்னுட்டேன். வாய் சொல்லிரும், அதுக்கென்ன, நடக்கப்போறது அதா? ஞாயித்துக்கெழம பூபாலன் வர்றான் புனேயிலேருந்து. எம்மகன். வந்து என் நடையப் பாப்பான், பாத்துட்டு முடிவு சொல்வான், இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு என்னையக் கூட்டிக்கிட்டுப் போறதா இல்ல இங்கயே விட்டுவைக்கிறதான்னு. இன்னைக்கு நான் இந்த கேட்டத் தாண்டலேன்னா நாளைக்கும் தாண்ட மாட்டேன், என்னைய எனக்குத் தெரியும். காலு பழையபடி வீங்கிரும், அவன் வந்து நிக்கிறப்ப நான் சொவத்தப் புடிச்சுக்கிட்டு நடப்பேன், அம்புட்டுதான், புனேயில பத்தாவது மாடி. இந்த சௌரி சார் மட்டும் நகந்துட்டாருன்னா போயிருவேன்.

சௌரிராஜன் சார் நல்ல மனுசன், அதான் சங்கடமே. கெட்டவனா இருந்தா மூஞ்சிக்கு நேரா போயி நின்னுருப்பேன், போடா உன் சகுனமும் நீயும்னு. மில்லு ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு, அதிர்ந்து ஒரு வார்த்த பேசினதில்ல, அவரு சம்சாரம் போனதுக்கப்புறம் ஒத்தையில சமைச்சுச் சாப்புட்டுக்கிட்டு, பேப்பர ஒரு எழுத்து விடாம படிச்சுக்கிட்டு. ஒரு நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் பையோட கேட்டுல நிக்கிறேன், அவரு கொடையும் கையுமா வெளிய வந்தாரு, என்னையப் பாத்தாரு, பாத்தவரு நின்னாரு, அப்பிடியே திரும்பி உள்ள போயிக் கதவச் சாத்திட்டாரு. ஒரு வார்த்த சொல்லல. எனக்குச் சுருக்குன்னுச்சு. எதுக்கு உள்ள போவாக? சகுனம் சரியில்லேன்னா உள்ள போயி உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்பக் கெளம்புவாக, தெரியாததா. எங்கவுக போயி எட்டு வருசமாச்சு, மொத வருசமே பழகிக்கிட்டேன். நாத்தனா மகனுக்கு நிச்சயத்துக்குக் கெளம்புறாக, வேன் வாசல்ல நிக்குது, நான் சந்தோசமா தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு வர்றேன், அந்தப் பய என் தோளத் தொட்டு, எம்புட்டு அன்பாச் சொன்னான், "அத்த, ஒரு நிமிசம் உள்ள இருங்களேன், நாங்க ஏறுனதும் வந்துருங்க." திட்டியிருந்தா அழுதுட்டு மறந்திருப்பேன். அன்பாச் சொன்னான் பாருங்க, அதான் இன்னும் நெஞ்சுல முள்ளாக் கெடக்கு. அதுக்கப்புறம் யாரும் சொல்லவே வேண்டாம், நானே உள்ள போயிருவேன். காலையில ஆறு மணிக்குத் தெரு குளுகுளுன்னு கெடக்கும், நடக்கச் சொன்னா நடந்துக்கிட்டே இருக்கலாம், ஆனா அப்பத்தான் எல்லாரும் வேலைக்குக் கெளம்புற நேரம், பரீச்சைக்குப் போற புள்ளைக வேற. எல்லாரும் போயி முடிக்கட்டும்னு நிப்பேன். போயி முடிச்சதும் பாத்தா ஸ்கூல் வேனு, தண்ணி லாரி, மண்டையப் பொளக்குற வெயிலு. சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்னு உள்ள போயிருவேன். சாயங்காலம் தெரு பூரா வண்டி நிறுத்தியிருப்பாக. இப்பிடியே போச்சு, ஒரு நாள் மாதிரி எல்லா நாளும்.

நடக்காத காலு என்ன பண்ணும், நடையவே மறந்துரும். மறந்த காலத் தூக்கிக்கிட்டு மழையில ஒரு நாள் பால் வாங்கப் போனேன். மூணாவது வீட்டு முன்னாடி சாக்கடை மேல போட்டிருந்த கல்லு ஆடும்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியல, ஏன்னா நான்தான் வெளியவே வர்றதில்லையே. விழுந்தேன். மணிக்கட்டு ஒடஞ்சுச்சு. கட்டுப் பிரிச்சதும் டாக்டர் கை நல்லாருக்கு, இனி நல்லா நடங்கன்னாரு, பூபாலன் போன்ல நீ வெளிய போகவே வேண்டாம், பாலு வீட்டுக்கே வரும், காய் வீட்டுக்கே வரும்னான். டாக்டர் சொன்னத விட்டுட்டு மகன் சொன்னதக் கேட்டேன், பயந்தவளுக்கு எது வசதியோ அதத்தான காது கேக்கும். பாலு வந்துச்சு, காய் வந்துச்சு, முட்டியில நீரும் வந்துச்சு. அப்பத்தான் இந்த இருதயமேரி வந்து சேந்துச்சு, பின் தெருவுக்குக் குடிவந்த புதுசு, எழுபத்திரெண்டு வயசு, பேரன் கழிச்சுப் போட்ட ஆரஞ்சு கலர் பூட்சு, அதுக்கு மேல நைலக்ஸ் சேலை, கையில நாய்க்கு ஒரு கம்பு. கேட்டுல நின்னு, "ஏங்க, இங்க ஒரு அம்மா கையொடஞ்சு கெடக்காமே, எட்டிப் பாக்கலாம்னு வந்தேன்"னுச்சு. யாருன்னே தெரியாது! உள்ள வந்து உக்காந்து, காப்பியக் குடிச்சு, என் காலத் தொட்டு அமுக்கிப் பாத்துட்டு, "என்னத்தா, கையி ஒடஞ்சா காலுக்கு எதுக்கு லீவு விட்ட"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு, வந்த கோவத்துலயே சிரிப்பும் வந்துருச்சு. சகுனத்தச் சொன்னேன். நானும் புருசன் இல்லாதவதான்னுச்சு. "நம்மளப் பாத்துட்டுப் போயி எவன் ஏறுன பஸ்ஸு கவுந்துச்சு? ஒருத்தனக் காட்டு, நான் நாளையிலேருந்து முக்காடு போட்டுக்கிட்டுப் போறேன்." என்ன பொம்பளடி இவன்னு வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அது நடக்குற அழக நின்னு பாக்கணும். நேரா நடக்கத் தெரியாது, தெருவுல இருக்குற எல்லாத்தையும் விசாரிச்சுக்கிட்டே நடக்கும். ஓரத்துல பைக்கு நின்னா நிறுத்துனவன் வீட்டு பெல்ல அடிக்கும். "தம்பி, இது உன் வண்டி போற ரோடு மட்டும் இல்லப்பா, என் காலு போற ரோடும்தான், கொஞ்சம் உள்ள தள்ளிக்கயேன்." அவன் மொனகிக்கிட்டே தள்ளுவான், மறுநாள் அக்கா வர்றதப் பாத்ததும் அவனே தள்ளுவான். நடுவுல எனக்கு மூச்சு வாங்குனா யாரு வீட்டுப் படியிலனாலும் உக்கார வச்சிரும், வீட்டுக்காரவுகளக் கூப்பிட்டுத் தண்ணியும் கேக்கும், எனக்குக் கூச்சமா இருக்கும், அக்காவுக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஒண்ணுக்கு வந்துருமேன்னு பயந்துதான் நான் தண்ணியே குடிக்காமக் கெளம்புவேன், அதக் கண்டுபுடிச்சு டெய்லர் கடைப் பொண்ணுகிட்ட, "இந்தா பாரு, இந்தம்மா உங்க பாத்ரூமுக்கு வரும், ஏன்னு கேக்கக்கூடாது"ன்னு பேசி வச்சுச்சு. இதெல்லாம் ஒரு ஆளுக்குத் தோணுமா? நடக்கச் சொன்னவுக ஆயிரம் பேரு, டாக்டர் சொன்னாரு, டிவியில சொன்னாக, எம்மகன் வாட்ஸப்புல வீடியோ வீடியோவா அனுப்புனான். எங்க உக்காருறது எங்க போறது எந்த நாய் கடிக்கும்னு யோசிச்சவ இவ ஒருத்திதான். ஆடுற கல்லுக்கு ஆபீசு ஆபீசா அலஞ்சுச்சு, அவங்க வர்றதாவே தெரியல, ஒரு நாள் வழியில போன ரெண்டு கொத்தனார மறிச்சு அடியில ஜல்லி போட வச்சுச்சு, அப்பவும் கொஞ்சம் ஆடும், ஆனா ஆள விழத்தாட்டாது. மொத மொத கண்மாய்க் கரையில ஏறுன அன்னைக்கு நான் அழுதுட்டேன். புதுசா நடைபாதை போட்டு, வேப்பமரத்தடியில சிமிண்டு பெஞ்சு போட்டு, அந்தப் பக்கம் தண்ணி, தண்ணி பூரா நாரை. இம்புட்டும் என் வீட்டுலேருந்து கூப்புடு தூரத்துல இருந்திருக்கு. நான் டிவியில காஷ்மீரப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

வெயிலு வந்துரும் போல. எதிர்வீட்டுச் சன்னல் கம்பியில மஞ்சளாப் பட ஆரம்பிச்சிருச்சு. மனுசன் இன்னும் கெளம்பல. இவரு எங்க போகப்போறாரு, எங்கயும் போறதில்லையே, காலையில மொட்டை மாடியிலதான் சுத்துவாரு, எங்க வீட்டு அடுப்படியில நின்னா கேக்கும், சரக் சரக்குன்னு, செக்குமாடு மாதிரி. தங்கம் மாதிரி கண்மாய்க்கரை இருக்க மாடியில எதுக்கு சுத்துறாருன்னு கேட்டேன் அக்காகிட்ட. அக்கா, "அவருக்கு என்ன கூச்சமோ, என் சத்தம் கேட்டாலே கதவச் சாத்திக்கிறாரு, ஒரு நாளைக்கு இருக்கு அவருக்கு"ன்னுச்சு. எனக்குத் தெரியும் ஏன் சாத்துறாருன்னு. ரெண்டு பொம்பளைக, ரெண்டும் வெறும் கழுத்து, காலங்காத்தால. சாத்தாம என்ன செய்வாரு. சொல்லல அக்காகிட்ட, சொன்னா அது கதவத் தட்டிச் சண்டைக்குப் போயிரும். முட்டி வலிக்குது நின்னு நின்னு. நடந்தா வலிக்காது, நின்னாத்தான் வலிக்கும், இது என்ன வியாதியோ. உள்ள போயிரலாமா? போயி ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டு, அப்புறமா... அந்த அப்புறம் எந்த அப்புறம்னு எனக்குத் தெரியாதா. பத்தாவது மாடியில அப்புறம். அங்க கீழ தோட்டம் இருக்கும்மா, லிப்ட் இருக்கும்மான்னான். லிப்டுல எறங்கிப் போயி அந்தத் தோட்டத்துல யார ஏத்தான்னு கூப்புடுவேன், எனக்கு அந்தப் பாசையே தெரியாதே. பாசமாத்தான் கூப்புடுறான், இல்லேங்கல, எம்மருமகளும் தங்கமான புள்ளதான். ஆனா நான் அங்க போனேன்னா ஒரு நாற்காலிய விட்டு இன்னொரு நாற்காலிக்குத்தான் நடப்பேன், பயமா இருக்கு, நெசமாவே பயமா இருக்கு. போ மங்கை, தெறந்துக்கிட்டுப் போ. தாப்பாள்ல கைய வச்சேன். அந்நேரம் எதிர் கேட்டுக்குப் பின்னால ஒரு கொட நுனி தெரிஞ்சுச்சு, அப்புறம் வழுக்கத் தலை, அப்புறம் அவரு கண்ணு. என்னையப் பாத்துட்டாரு. பாத்ததும் பழையபடி விடுக்குன்னு உள்ள இழுத்துக்கிட்டாரு.

எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கோவம், எட்டு வருசத்துக் கோவம், கேட்ட டமார்னு தெறந்துக்கிட்டு நடுத்தெருவுல நின்னு கத்திட்டேன். "ஏன் சார், நான் என்ன பேயா பிசாசா? என்னையப் பாத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிரும்? போங்க, உள்ள போயித் தண்ணியக் குடிங்க!" பால்காரன் வண்டிய நிறுத்திட்டான். சௌரி சார் கேட்டத் தெறந்துக்கிட்டு ஓடி வந்தாரு, மொகம் பூரா வேர்த்துப் போயி. "அய்யய்யோ, என்னம்மா சொல்றேள்! நான் உங்களுக்காகன்னா உள்ள போறேன்!" எனக்காகவா? என்ன எனக்காக? அவரு கொடையக் கையில திருகிக்கிட்டே, குரல் எழும்பாமச் சொன்னாரு. "ஒத்தைப் பிராமணன் எதிர்ல வந்தா போற காரியம் கெட்டுப்போகும்பா. என் ஆம்படையா இருந்தவரைக்கும் ரெண்டு பேராத்தான் வெளிய வருவோம். அவ போனப்பறம் நான் ஒத்தைதானே. ஒரு நாள் ஒருத்தர் என்னைப் பாத்துட்டு பைக்கத் திருப்பிண்டு ஆத்துக்கே போயிட்டார். நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் பையோட நிக்கறேள், நான் போயி எதிர்ல வந்து, உங்களுக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிட்டா? அதான், நீங்க போனப்பறம் போகலாம்னு. தெனம் பாக்கறேன், நீங்க கேட்டுப் பின்னாடியே நிக்கறேள், போகவே மாட்டேங்கறேள். அப்பறம் ரெண்டு பேராப் போக ஆரம்பிச்சேள், நல்ல காரியம், நான் ஏன் குறுக்க வரணும்? மாடியே போதும்னு இருந்துட்டேன். இன்னிக்கு அந்தம்மா சத்தம் கேக்கலையே, நீங்க வரமாட்டேளாக்கும்னுதான் வெளிய எட்டிப் பாத்தேன்." நான் தெருவுலயே நின்னேன். எங்க ஊர்லயும் சொல்வாக அப்பிடி, கேட்டிருக்கேன், ஆனா இவரப் பாத்து எனக்கு ஒரு நாளும் தோணினதில்லையே, என் கழுத்தப் பத்தின நெனப்புலயே நான் இருந்துட்டேனே. நான் அவருக்காக இந்தத் தூணுக்குப் பின்னால, அவரு எனக்காக அந்தத் தூணுக்குப் பின்னால. சார், நான் உங்களுக்கு ஆகாதுன்னு நின்னேன் சார்னேன். "எனக்கா? நீங்களா? ராம ராமா, அந்த நெனப்பே கெடையாதும்மா எனக்கு." சிரிச்சேன் பாருங்க, கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, வயிறு வலிக்க, கண்ணுல தண்ணி வர. அந்தத் தண்ணி சிரிப்புத் தண்ணியா வேற தண்ணியான்னு எனக்கே தெரியல. அவரும் சிரிச்சாரு, பொக்கை வாயி, நான் பாத்ததே இல்ல அவரு சிரிச்சு.

"வாங்க சார்"னேன். "எங்க?"ன்னாரு. "கண்மாய்க்கு. ரெண்டு பேராப் போனா நீங்க ஒத்தை இல்லையே." யோசிச்சாரு, கணக்கு சரியாத்தான் இருக்குன்னு தலைய ஆட்டுனாரு, அப்புறம் மெதுவா, "நாலு பேர் ஒரு மாதிரி பேச மாட்டாளா"ன்னாரு. பேசட்டும் சார், நம்ம வயசுக்கு ஒரு மாதிரி பேசுறாகன்னா பெருமைதான்னு சொன்னதும் பால்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். சார் காலப் பாத்தேன், வெள்ள கேன்வாஸ் சூ, அடியில ஒரு பொட்டு மண்ணு இல்ல, மாடியில மட்டுமே நடந்த சூ. நடக்க ஆரம்பிச்சோம். அவரு ரோட்டோட விளிம்புலயே நடக்குறாரு, ஆளு வந்தா நின்னு ஒதுங்குறாரு, ஒதுங்காதீங்க சார் நேரா வாங்கன்னேன், மேரியக்கா குரலு என் வாயில வருது. அந்தக் கல்லுகிட்ட வந்ததும் நின்னுட்டேன். விழத்தாட்டாதுன்னு புத்திக்குத் தெரியுது, ஒடஞ்ச மணிக்கட்டுக்குத் தெரியல. அக்கா இருந்தா கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கிக்கிட்டுப் போயிரும். சாரு கைய நீட்டினாரு, நீட்டின கைய மடக்கிக்கிட்டாரு, ஒரு பொம்பள கையத் தொட்டுப் பழக்கம் இல்ல பாவம், அப்புறம் கொடையோட ஒரு நுனிய என் பக்கமா நீட்டினாரு. நான் ஒரு நுனி, அவரு ஒரு நுனி. கல்லு கடக்குன்னு ஒரு ஆட்டம் ஆடுச்சு, நான் அந்தப் பக்கம் போயிட்டேன். அவரு இன்னும் இந்தப் பக்கம் நிக்கிறாரு, மொகத்துல ஈயாடல. அட, இவருக்கும் பயம்! அப்ப நான் கொடைய இழுத்தேன், வாங்க சார், ஒண்ணும் ஆகாது, நான் புடிச்சிருக்கேன்னேன். நானா சொன்னேன் அத? நான்தான் சொன்னேன். சிங்கம்டி நீ மங்கை.

கரை ஏத்தத்துல எனக்கு மூச்சு வாங்குச்சு, அவருக்கு என்னைய விட வாங்குச்சு, டெய்லர் கடைப் பொண்ணு ஸ்டூல வெளிய எடுத்துப் போட்டுச்சு, யாரும் கேக்கல, அதுவா போட்டுச்சு. உக்காந்து எந்திரிச்சு ஏறுனோம். மேல போயி நின்னோம். கண்மாய் நெறஞ்சு கெடக்கு, தண்ணியில காலு வச்சாப்புல நாரைக, ஒரு நீர்க்காகம் ரெக்கைய விரிச்சுக் காயவச்சுக்கிட்டு இருக்கு. அவரு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு, வாயி லேசாத் தெறந்து, நான் அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்கிறாரோன்னு தோணுச்சு. "இவ்வளவு கிட்டக்கவா இருந்தது"ன்னாரு. அம்புட்டுக் கிட்டக்கத்தான் சார். பெஞ்சுல உக்காந்தேன், அவரு உக்காரல, எனக்கு முன்னாடி போயிக்கிட்டே இருக்காரு, கொடைய வீசிக்கிட்டு, இந்த மனுசனா மாடியில சுத்துனாரு. அக்கா மட்டும் இருந்து இதப் பாத்திருக்கணும், கண்ணுல கட்டோட இருந்தாலும் கட்ட அவுத்துட்டுப் பாத்திருக்கும். அப்பத்தான் செல்லு அடிச்சுச்சு, பூபாலன். "என்னம்மா இம்புட்டு நேரம் எடுக்கல, ஒரே காத்துச் சத்தமா இருக்கு, எங்க இருக்க"ன்னு பதறுறான். கண்மாய்க்கரையிலன்னேன். "அந்தம்மாதான் ஊருக்குப் போயிட்டாங்களே, தனியாவா போன?" தனியா எதுக்குடா போறேன், தெருவுல ஆளா இல்லன்னேன். அவன் மெதுவா, "சரிம்மா, ஞாயித்துக்கெழம வர்றேன்ல, காலையில ஆறரைக்கெல்லாம் வந்துருவேன், உக்காந்து பேசுவோம்"னான். சாரு அந்தக் கடைசிவரைக்கும் போயிட்டு அங்கேருந்து கைய ஆட்டிக் கூப்புடுறாரு, வாங்கோ வாங்கோன்னு. நான் எந்திரிச்சேன், முட்டி நெட்டி முறிச்சுச்சு, வலிக்கல. "வாடா ராசா, நல்லா வா"ன்னேன். "ஆறரைக்கு வந்தீன்னா வீடு பூட்டியிருக்கும். நேரா கண்மாய்க்கு வந்துரு."